நாங்கள் ஒப்படைத்த ஊர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அடுத்த மாதம் குற்றாலத்தில் கூட்டம் என்றீர்கள். தென்காசி வட்டாரத்துத் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி, யார் எந்த ஊரைப் பார்ப்பது என்று பேசி முடிக்கப் போகிறீர்களாம். நானும் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். எனக்கு மேடை ஆகாது. மைக்கைக் கையில் கொடுத்தால் கோபம் வந்துவிடும், சால்வை போட வந்தவர் சால்வையோடு திரும்பிப் போவார். அதனால் எழுதித் தருகிறேன். கூட்டத்துக்குப் போகும்முன் படித்துவிடுங்கள். போன பிறகு படித்தால் பிரயோஜனம் இல்லை.

இதே மாதிரி ஒரு கூட்டம் நாங்களும் போட்டோம். மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அவரவர் வீட்டில் வைத்தே தேற்றுவது எங்கள் நிறுவனத்தின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நான்தான் அதற்குத் தலைமை. ஆனி மாசம், சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் பதினோரு நிறுவனத்துத் தலைவர்கள் உட்கார்ந்திருந்தோம். அதற்குமுன் நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததெல்லாம் கல்யாண வீட்டிலும் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவிலும்தான். இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டு, உள்ளுக்குள் அவர் எந்த ஊரில் கால் வைக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

பயிற்சி நடத்த சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ‘கூட்டுறவு’, ‘மீண்டெழும் திறன்’ என்று இரண்டு சார்ட்டில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார். பிறகு எங்களை வட்டமாக நிற்கவைத்து ஒரு நூல்கண்டைக் கொடுத்தார். நூலைப் பிடித்துக்கொண்டு கண்டை இன்னொருவரிடம் எறிய வேண்டும், எறியும்போது அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சிவகிரிப் பக்கம் விவசாயிகளுக்காக நிறுவனம் நடத்திய தங்கராஜ் அண்ணாச்சி என்னிடம் எறிந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர், முறுக்கு மீசை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நான் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்றார். வேறொன்றும் கிடைக்கவில்லை அவருக்கு. எனக்கும் அவரைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் வரைபடம் போட்டோம். ஒரே ஊரில் இரண்டு நிறுவனம் வேலை செய்தால் வீண் என்று பேச்சு வந்தது. அது நியாயம்தான். கடையநல்லூரில் கல்வி அறக்கட்டளை நடத்திய மைதீன் பாய் ஒரு கதை சொன்னார். அவர் தெருவில் ஒரே பெண்ணுக்கு மூன்று நிறுவனங்கள் தையல் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் கொடுத்திருந்தன, அந்தப் பெண் நாலாவது இடத்திலும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. எல்லாரும் சிரித்தோம். சிரித்த வேகத்திலேயே ஆளுக்கொரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஊர்களைச் சுற்றி வட்டம் போட்டோம். ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் ஒருவர் விட்டுக்கொடுப்பது என்று முடிவு.

ராயகிரிப் பக்கம் மூன்று ஊர்களை நான் தங்கராஜ் அண்ணாச்சிக்கு விட்டுக்கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பெருந்தன்மையாக இருக்கிறேன் என்று நானே நம்பினேன். உண்மை என்ன தெரியுமா? அந்த மூன்று ஊரும் எங்களுக்குத் தூரம். ஒரு நாள் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கை தட்டல் கேட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஒப்படைப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்கு வெறி. அந்த மூன்று ஊரில் ஒன்பது பேர் எங்களிடம் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு ஃபைல். என்ன வியாதி, என்ன மருந்து, எந்தத் தேதியில் டாக்டர் பார்த்தார், எல்லாம் சுத்தமாக எழுதி, தங்கராஜ் அண்ணாச்சியின் ஆபீசுக்கே போய்க் கொடுத்து, ஃபைலை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். அந்த ஊர்களைப் பார்த்துவந்த எங்கள் களப்பணியாளர் ராமலட்சுமியைக் கூப்பிட்டு, கடைசியாக ஒருமுறை எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். இனிமேல் புது ஆட்கள்தான் வருவார்கள், பழைய நம்பருக்கு யாரும் போன் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு என்றேன். இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் குழப்பம் வரும் என்பது என் எண்ணம். ராமலட்சுமி அப்படியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இந்த உத்தரவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது நான் போட்டது.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் மாடசாமி. எனக்கு மகன் வயசு. அப்பா இல்லை, அம்மா முப்பிடாதி மட்டும். வியாதி முற்றியிருந்த காலத்தில் காதில் குரல் கேட்கும், சோறு தண்ணி இறங்காது, கிளம்பினால் எங்கே போவான் என்று தெரியாது. ஒருமுறை சங்கரன்கோவில் பக்கம் திருடன் என்று நினைத்து அடித்துப் போட்டிருந்தார்கள், முன்பல் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு நாலு வருஷம் மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. எலுமிச்சைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சினான், வீட்டுக்கு ஓடு மாற்றினான், பெண் பார்க்கலாமா என்றுகூட முப்பிடாதி கேட்க ஆரம்பித்திருந்தாள்.

ஆவணி பிறந்ததும் இரண்டாவது கூட்டம். அதே லாட்ஜ், அதே ஹால். நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து மத்தியானம் ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. ஒப்படைப்பு எப்படி வெற்றியாக நடந்தது என்று நான் திரையில் காட்டிப் பேச வேண்டும். முதல் படமே ஃபைல் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் போட்டோதான். விடியற்காலையிலிருந்து மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டுகிறது, எங்கேயும் குளிக்க விடவில்லை என்று டீ கொண்டுவந்தவர் சொன்னார். ஜன்னலைத் திறந்தால் இரைச்சல் கேட்டது. சென்னை அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பத்தரை மணி டீக்கு எழுந்தபோது ராமலட்சுமி என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகமே சரியில்லை.

"அக்கா, மாடசாமிய காணலயாம். முப்பிடாதி போன் போட்டு அழுதா. விடியுமுன்ன எந்திச்சுப் போயிட்டானாம். ஒரு மாசத்துக்கு மேலயே சரியா ஒறங்கலயாம்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும். "அது இப்ப தங்கராஜ் அண்ணாச்சி ஊருல்லா. அவருகிட்டச் சொல்லு" என்றேன்.

ராமலட்சுமி என்னிடம் குரல் உயர்த்தியது கிடையாது. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "ஊரு அவுக ஊருதான்க்கா. ஆளு நம்ம ஆளுல்லா" என்றாள்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மத்தியானம் காட்ட வேண்டிய படம் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாளோ என்று பட்டது. அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. நேரே ஹாலுக்குள் போய், டீ கிளாசோடு நின்றவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். நாங்கள் ஒப்படைத்த ஆள், மருந்து நின்றுபோயிருக்க வேண்டும், இன்றைக்குக் காணவில்லை என்று.

தங்கராஜ் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. மருந்து நிற்கவில்லை, இரண்டு மாசமும் தன் ஆட்கள் அந்த வீட்டுக்குப் போய்க் கொடுத்திருக்கிறார்கள், ரெஜிஸ்டரில் தாயாரின் கைநாட்டு இருக்கிறது என்றார். கொடுத்திருந்தால் ஏன் இப்படி ஆகிறது என்று நான் கேட்டேன். ஃபைலில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று அவர் சொன்னார். அவருக்கு நாலு பேர், எனக்கு நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நூல்கண்டு பிடித்த அதே கைகள் ஒன்றை ஒன்று சுட்டிக்காட்டின. முழுசாகப் பத்து நிமிஷம் இப்படிப் போயிற்று. வெளியே தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது.

மைதீன் பாய்தான் நிறுத்தினார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, குற்றம் யாருடையது என்று சாயங்காலம் உட்கார்ந்து பேசலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது, பையன்தான் போய்விடுவான் என்றார். சத்தம் அடங்கியது.

எங்கே தேடுவது? அண்ணாச்சி கொண்டுவந்திருந்த ஃபைலைப் புரட்டினால் பஸ் ஸ்டாண்ட், சங்கரன்கோவில் என்று பழைய விவரம் இருந்தது. ராமலட்சுமி ஃபைலைத் தொடவே இல்லை. முப்பிடாதியிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், துண்டு எடுத்துக்கொண்டு போனானா என்று. எடுத்துக்கொண்டு போயிருந்தான், சீயக்காய் பொட்டலமும் சேர்த்து. அப்படியானால் இங்கேதான் வருகிறான் என்றாள். சின்ன வயசில் சீசனுக்கு அவன் அப்பா ஐந்தருவிக்குக் கூட்டிவருவாராம். ஒவ்வொரு தடவை இவள் வீட்டுக்குப் போகும்போதும் சாரல் விழுகிறதா, கூட்டம் எப்படி என்று கேட்பானாம். நாலு வருஷம் அவன் கேட்ட கேள்வி, எங்கள் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை.

ஒருவர் மாடசாமியின் போட்டோவை வாட்ஸப்பில் போட்டுவிடலாம் என்றார். பதினோரு நிறுவனம், எத்தனை குரூப், பத்தே நிமிஷத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். எல்லாரும் போனை எடுத்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்தப் படம் ராயகிரிக்கும் போகும். தேறி வந்து தோட்டத்தில் வேலை பார்க்கும் பையனை ஆயுசுக்கும் கிறுக்கன் என்று கூப்பிடுவார்கள். அதைவிடப் பயம், படத்தைப் பார்த்த கூட்டம் அவனைச் சுற்றி வளைத்தால் அவன் ஓடுவான், ஓடுகிறவனை அடிப்பார்கள். முன்னே பல் போனது அப்படித்தான். ஆனால் படம் போடாததால் நேரமாகி, அவன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால்? அந்தப் பொறுப்பு என் தலையில்தான் விழும். ஆனாலும் சொன்னேன், படம் வேண்டாம், உங்களுக்குக் குரல் தெரிந்த ஆளுக்கு மட்டும் போன் போடுங்கள், ஒரு பையனைத் தேடுகிறோம் என்று சொல்லுங்கள், வியாதியைப் பற்றிப் பேசாதீர்கள் என்று. நான் செய்தது சரியா என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன்.

அப்புறம்தான் எங்கள் கூட்டம் உண்மையான கூட்டமாக ஆனது. மைதீன் பாயின் அறக்கட்டளையில் படிக்கும் பெண் ஒன்றின் அப்பா ஐந்தருவி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். தங்கராஜ் அண்ணாச்சியின் விவசாயிகள் சிலர் பழக்கடைகளுக்கு ரம்புட்டான் போடுகிறவர்கள். வேறு ஒருவருக்கு லாட்ஜ்களில் ரூம் சுத்தம் செய்யும் பெண்கள் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும். இரண்டு பேரை அருவிக்கரைப் போலீசிடம் நேரில் அனுப்பினோம், உடம்பு சரியில்லாத பையன், அதட்ட வேண்டாம் என்று சொல்லிவைக்க. சென்னை அம்மா நான் என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டார். பெரியவருக்குக் காட்டச் சுவரில் ஒட்டியிருந்த ஊர் பிரித்த வரைபடத்தைக் கிழித்து, திருப்பிப் போட்டு, யார் யாருக்குப் பேசியாயிற்று, என்ன பதில் என்று பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். முகம் கோணாமல் தரையில் உட்கார்ந்து எழுதினார். நல்ல மனுஷி.

பன்னிரண்டு மணிக்கு ஐந்தருவி ரோட்டுப் பழக்கடைக்காரி ஒருத்தியிடமிருந்து சேதி வந்தது. நீலத் துண்டு போட்ட ஒரு பையன் கடையைத் தாண்டி மேலே போனான், ரொம்ப நேரம் ஆயிற்று என்று. நானும் ராமலட்சுமியும் தங்கராஜ் அண்ணாச்சியும் ஆட்டோவில் ஏறினோம். அருவி தெரிவதற்குமுன் சத்தம் வந்துவிட்டது. ஐந்து கிளையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சேறாகக் கொட்டிக்கொண்டிருந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவன் இல்லை. அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சிதான் என் கையைத் தொட்டு வேறு பக்கம் காட்டினார். எண்ணெய் தேய்க்கிறவர்கள் பலகை போட்டிருக்கும் வரிசை. அருவியில் தடை என்பதால் பலகைகள் காலியாகக் கிடந்தன, ஒன்றில் மட்டும் ஆள். மாடசாமி குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து எண்ணெய் வழிந்து முதுகு முழுக்க ஓடியிருந்தது. பின்னால் நின்றவருக்கு நாற்பது வயசு இருக்கும். எங்களைப் பார்த்தார், கையை எடுக்கவில்லை. மெதுவாக உச்சந்தலையில் தட்டிக்கொண்டே பேசினார்.

"உங்க ஆளா? மெல்ல வாங்க. ரெண்டு தடவ கயித்தத் தாண்டப் பாத்தாரு. எண்ண தேச்சுட்டுல்லா குளிக்கணும், இங்கன வாங்கன்னு கூப்பிட்டேன், வந்துட்டாரு. ஒரு மணி நேரமா, இன்னும் எண்ண ஊறல, ஊறலன்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன். கைய எடுத்தா எந்திச்சிருதாரு."

ராமலட்சுமி முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மாடசாமி அவளைப் பார்த்து, அக்கா, சாரல் நல்லா விழுகிறது என்றான். அவள் ஆமாம் என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். தங்கராஜ் அண்ணாச்சி மீசையைத் துடைத்துக்கொண்டார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எண்ணெய்க்காரரிடம் கேட்டேன். எத்தனை தலையைத் தொட்டிருக்கிறோம், ஒரு தலை சரியில்லை என்றால் தெரியாதா என்றார். பெயர் கேட்டேன், அதெல்லாம் எதற்கு என்று கையைக் கழுவப் போய்விட்டார். எங்கள் வரைபடத்தில் அவருக்கு எந்த நிறமும் இல்லை. மீண்டெழும் திறன் என்று சுவரில் ஒட்டியதையும் அவர் படித்தவர் இல்லை. நாங்கள் பதினோரு நிறுவனமும் போனில் அலைந்த நேரமெல்லாம் அவர் அந்தத் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மத்தியானம் நிதிப் பெரியவர் வந்தார். படம் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் என்ன நினைத்தார் என்பது இங்கே தேவையில்லை. மாடசாமியைத் தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் மருந்தைச் சிறிய அளவிலிருந்து மறுபடி தொடங்கினார். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு நாங்கள் மூவரும் அவன் வீட்டுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் முப்பிடாதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தங்கராஜ் அண்ணாச்சி முன்னால் வைத்தாள். திறந்து பார்த்தால் இரண்டு மாசத்து மாத்திரை அட்டைகளும் ஒன்றுகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன.

"இந்தா இருக்கு அண்ணாச்சி, எண்ணிப் பாத்து எடுத்துக்கிடுங்க. வேற யாருக்கோ உள்ளத எங்க வீட்டுல மாத்திக் குடுத்துட்டாவ. எங்களுக்கு உள்ளதுல புள்ளி இருக்கும்லா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராமலட்சுமிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். முப்பிடாதிக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு மாசமும் அட்டையின் பின்பக்கம் காலை மாத்திரைக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று, ராத்திரி மாத்திரைக்குக் கறுப்புப் புள்ளி இரண்டு என்று ஸ்கெட்ச் பேனாவால் வைத்துக் கொடுப்பாளாம். நாலு வருஷமாக. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், புள்ளி வைத்ததையெல்லாம் ஃபைலில் என்னவென்று எழுதுவது என்கிறாள். அந்த ஃபைலை அச்சடித்தது நான். அதில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

சந்தேகம் வந்தபோதே ராமலட்சுமிக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று முப்பிடாதியிடம் கேட்டேன். போடக் கூடாது என்றுதானே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்றாள். சொன்னதைக் கேட்டுவிட்டு, புள்ளி வைத்த மாத்திரை எப்போது வரும் என்று இரண்டு மாசம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணாச்சியின் ரெஜிஸ்டரும் சரி, என் ஃபைலும் சரி, அவள் கைநாட்டும் சரி. பையன் மட்டும் கயிற்றைத் தாண்டப் போனான்.

அடுத்த மாதம் உங்கள் கையிலும் ஸ்கெட்ச் பேனா கொடுப்பார்கள். ஊரைப் பிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டை இன்னொருவரிடம் விடும்முன், பழைய ஆளும் புது ஆளும் அந்த வீட்டில் சேர்ந்து ஒரு வேளை உட்காருங்கள். பழைய நம்பரை அடைத்துவிடாதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அதற்கும் ஒரு பையன் தண்ணீர் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு முப்பிடாதி வீட்டில் தங்கராஜ் அண்ணாச்சி டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். டாக்டர் கொடுத்த புது அட்டைகளை எடுத்துத் தரையில் பரப்பினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ராமலட்சுமியிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டார். அவள் பையில் சிவப்பு, கறுப்பு இரண்டும் இருந்தன. எந்த மாத்திரைக்கு எந்தப் புள்ளி என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த கைக்கு ஸ்கெட்ச் பேனா பழகவில்லை.

மாடசாமி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் அட்டை முடிந்ததும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"புள்ளி கோணலா இருக்கு அண்ணாச்சி" என்றான். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கி, ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.